பரண்ல கெடந்த ஏ4-க்கு ஒரு வக்காலத்து

ஒரு விஷயம் மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கு. எழுதித் தீத்துடறேன்.

எங்க தெருவுல ஒரு பையன். இங்க திருவண்ணாமலைலயே பி.சி.ஏ. படிக்கிறான். அவங்க அக்காவுக்கு பள்ளிக்கூடத்துல 2019-ல விலையில்லா மடிக்கணினி குடுத்தாங்க. அக்கா அதுலயே டிகிரி முடிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணமும் ஆயிடுச்சு. லேப்டாப் பரணுக்கு ஏறிடுச்சு.

இப்ப தம்பிக்கு காலேஜ்ல பிராஜெக்ட். பரண்லேர்ந்து எறக்கித் தொடச்சு ஆன் பண்ணா, டெஸ்க்டாப் வரவே ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆவுது. பிரவுசரத் தொட்டா இன்னும் ஒரு நிமிஷம். பையன் வெறுத்துட்டான்.

அவங்கம்மா அதத் தூக்கிக்கிட்டு டவுன்ல ஒரு கடைக்குப் போயிருக்காங்க. கடைக்காரர் தெறந்துகூடப் பாக்கல. மூடில இருக்கற கோபுர முத்திரையப் பாத்ததுமே தீர்ப்பு.

"கவர்மென்ட் லேப்டாப்பாம்மா? உள்ள ஏ4 சிப்பு. அதெல்லாம் குப்பை. எடைக்குப் போட்டுட்டு ஒரு செலரான் வாங்கிக்குங்க. இன்டெல்லு, புதுசு, பறக்கும்."

பையனோட அம்மா நேரா எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. "தம்பி, குப்பைங்கறாரு. பணம் பொரட்டணும்னா பொரட்டிடலாம். ஆனா நெசமாவே குப்பைதானா?"

எனக்கு எரிச்சல் அந்தக் கடைக்காரர் வியாபாரம் பண்ணாருங்கறதுல இல்ல. கடை வச்சிருக்கறவர் விக்கத்தான் பாப்பாரு. ஒரு குடும்பம் கடன் வாங்கலாமான்னு யோசிக்கற எடத்துல, ஸ்க்ரூவக்கூடக் கழட்டாம ஒரு மிஷினுக்குச் சாவுச் சீட்டு எழுதிட்டாரே, அதுதான்.

2011 செப்டம்பர் 15-ம் தேதி ஆரம்பிச்ச திட்டம் இது. 50 லட்சத்துக்கு மேல லேப்டாப் குடுத்திருக்காங்க. அதுல எத்தன இன்னும் பரண்லயும் பீரோ மேலயும் கெடக்கும்னு நெனச்சுப் பாருங்க. 2025-26 பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரி மாணவங்களுக்கு லேப்டாப்பு இல்லேன்னா டேப்லெட்டுன்னு அறிவிச்சிருக்காங்க. புதுசு வந்தா பழசு இன்னும் மேல ஏறும். அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

பையனோட பெரியப்பா வீட்டுல ஒரு செலரான் லேப்டாப் இருந்துது. கொரோனா சமயத்துல ஆன்லைன் கிளாஸுக்காக வாங்குனது. (கம்பெனி பேரு வேணாம். எல்லாக் கம்பெனியும் அந்த மாதிரி ஒண்ணு போட்டுச்சு.) "அதையும் எடுத்துக்கினு வாடா"ன்னேன். ரெண்டையும் ஒரே மேஜைல, ஒரே ஃபேனுக்குக் கீழ, பக்கத்துல பக்கத்துல வச்சாச்சு.

மொதல்ல ரெண்டு பேரும் யாருன்னு பாத்துடுவோம்.

அரசு லேப்டாப் லெனோவோ இ41-25. உள்ள இருக்கறது ஏஎம்டி புரோ ஏ4-4350பி. ஸ்டோனி ரிட்ஜ்னு சொல்ற குடும்பம். அந்தக் குடும்பத்த ஏஎம்டி வெளியிட்டது 2016-ல. 28 நானோமீட்டர். ரெண்டு கோர். 2.5 கிகாஹெர்ட்ஸ்ல ஓடி, தேவைப்பட்டா 2.9 வரைக்கும் போகும். 15 வாட்.

கடைல வாங்குனது இன்டெல் செலரான் என்4000. ஜெமினி லேக் குடும்பம், 2017 டிசம்பர்ல வந்துது. 14 நானோமீட்டர். இதுவும் ரெண்டு கோர்தான். சாதாரணமா 1.1 கிகாஹெர்ட்ஸ், உசுப்பிவிட்டா 2.6. வெறும் 6 வாட்.

பாத்தீங்களா? "புதுசு"ன்னு கடைக்காரர் சொன்ன ரகத்துக்கும் "பழசு"க்கும் நடுவுல ஒண்ணரை வருஷம்தான் இடைவெளி. ரெண்டுமே பழசு. ரெண்டுமே கம்மி கரண்ட்டுல, கம்மி விலைல ஓடறதுக்குன்னே செஞ்ச சிப்பு. ஒண்ணக் குப்பைன்னு சொன்னா இன்னொண்ண என்னன்னு சொல்றது?

ஆனா நானோமீட்டரப் பாத்தா செலரான் ஒரு படி மேலதான். சின்னதா செதுக்குன சிப்பு அதே வேலைய கம்மிச் சூட்டுல செய்யும். கேஷ் மெமரியும் அதுக்கு 4 எம்பி இருக்கு, ஏ4-க்கு 1 எம்பிதான். இதெல்லாம் பேப்பர்ல செலரானுக்குச் சாதகம், மறைக்கல.

ஏ4-ல இன்னொரு சங்கதியும் உண்டு. "ரெண்டு கோர்"னு போட்டிருக்கே, அது முழுசா ரெண்டு இல்ல. ஏஎம்டி 2011-ல புல்டோசர்னு ஒரு வடிவமைப்பு கொண்டுவந்துது. ரெண்டு கோர ஒரு ஜோடியாக் கட்டி, முழு எண் கணக்குக்கு மட்டும் ஆளுக்கு ஒரு எடம் குடுத்து, தசமக் கணக்குப் போடற பகுதிய பொதுவா வச்சாங்க. ரெண்டு பேரு சமைக்கிற அடுப்படி, ஆனா கடாய் ஒண்ணுதான். ஆளுக்கொரு வேலைன்னா சுறுசுறுப்பா நடக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கடாய் வேணும்னா ஒருத்தர் காத்திருக்கணும்.

இதுக்காக அமெரிக்காவுல கேஸே போட்டாங்க. எட்டு கோர்னு சொல்லி வித்த எஃப்எக்ஸ் சிப்புல நெசமா எட்டு இருக்கான்னு. கடைசில 2019-ல ஏஎம்டி 1 கோடியே 21 லட்சம் டாலர் குடுத்து சமாதானம் பேசி முடிச்சுது. ஸ்டோனி ரிட்ஜ் அந்த வம்சத்தோட கடைசிப் பிள்ளைகள்ல ஒண்ணு. அதுக்கப்புறம் ரைசன் வந்து கதையே மாறிடுச்சு.

சரி, வம்சாவளி போதும். ஓட்டிப் பாத்தோம்.

எடுத்த எடுப்புல செலரான் சொம்மா ஊதித் தள்ளிடுச்சு. ஆன் பண்ணா வருது, பிரவுசர் தெறக்குது. பக்கத்துல ஏ4 லேப்டாப்புல இன்னும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. பையன் மூஞ்சியப் பாக்கணுமே. "அண்ணா, கடைக்காரர் சரியாத்தான் சொல்லியிருக்காரு போல."

நான் டாஸ்க் மேனேஜரத் தெறக்கச் சொன்னேன். சிபியு எவ்ளோ காட்டுது பாரு. பத்து, பன்னெண்டு சதவீதம். டிஸ்க்கு? நூறு.

அங்கதான் இருக்கு விஷயம். சிப்பு கைய கட்டிக்கிட்டு சும்மா நிக்குது. ஹார்ட் டிஸ்க் கொண்டாந்து குடுத்தாத்தானே அது வேலை செய்ய முடியும்?

இந்த லேப்டாப்புல வந்தது 500 ஜிபி, சுத்தற ஹார்ட் டிஸ்க். லேப்டாப்புல போடற அந்த ரகம் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுத்து. அப்படின்னா விநாடிக்கு 90 சுத்து. ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட். தேடற தகவல் தட்டோட எந்த மூலைல இருக்கோ, சராசரியா அரைச் சுத்து காத்திருக்கணும். அதுக்கு முன்னாடி ஊசி அந்தத் தடத்துக்கு நகரணும், அது இன்னும் ஒரு 10, 12 மில்லிசெகண்ட். மொத்தமா கூட்டினா, செதறிக்கெடக்கற சின்னச் சின்ன ஃபைல விநாடிக்கு அறுபது தடவைக்கு மேல எடுக்க முடியாது. விண்டோஸ் 10 ஆன் ஆகறப்ப கேக்கறது ஆயிரக்கணக்குல. ரெண்டு நிமிஷம் ஆகாம என்ன பண்ணும்?

செலரான்ல இருந்தது 64 ஜிபி இஎம்எம்சி. ஃபோன்ல இருக்கற மாதிரி ஃபிளாஷ் மெமரி. சுத்தற பாகமே கெடையாது. அதனாலதான் அது "பறந்துது". சிப்போட பெருமை அதுல ரொம்பக் கம்மி.

அப்புறம் நடந்தத சுருக்கமா சொல்லிடறேன். முதல்ல ஹார்ட் டிஸ்க்க மாத்தாமலே ஏதாச்சும் பண்ண முடியுமான்னு பாத்தோம். தானா ஆரம்பிக்கற புரோகிராமெல்லாம் நிறுத்துனோம். கொஞ்சம் தேவலை, அவ்ளோதான். விண்டோஸ சுத்தமா அழிச்சுத் திரும்பப் போட்டோம். ரெண்டு நாள் நல்லா இருந்துது, அப்டேட் வந்ததும் பழைய குருடி. ரேம் மட்டும் 4 ஜிபிய எடுத்துட்டு 8 ஜிபி போட்டோம். பிரவுசர்ல பல டேப் தெறந்தா திணறுனது நின்னுச்சு, ஆனா ஆன் ஆகற நேரம் அப்படியேதான்.

கடைசியா அடிமூடிய கழட்டி, அந்த ரெண்டரை இஞ்ச் ஹார்ட் டிஸ்க்க உருவிட்டு, அதே எடத்துல ஃபிளாஷ் மெமரில ஓடற ஒரு சாட்டா எஸ்எஸ்டி சொருகினோம்.

டெஸ்க்டாப் கண்ணச் சிமிட்டறதுக்குள்ள வரல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இருவது செகண்டுக்குள்ள வந்துடுச்சு. பையன் கை தட்டுனான். உள்ளேர்ந்து அவங்கம்மா "என்னடா ஆச்சு?"ன்னு ஓடி வந்தாங்க. எஸ்எஸ்டியும் ரேமும் சேத்து, புது லேப்டாப் விலைல ஒரு சின்னப் பங்குதான் செலவு.

இனிமேதான் நெஜமான போட்டி. டிஸ்க் விவகாரம் தீந்துடுச்சு, சிப்பையும் சிப்பையும் மோத விடலாம்.

ஒரு பெரிய ஃபோல்டர ஜிப் பண்ணச் சொன்னோம். செலரான் கொஞ்சம் முன்னால. லிப்ரே ஆஃபீஸ்ல ஒரு பெரிய கணக்கு ஷீட் தெறந்தோம். ரெண்டும் ஒண்ணுதான். பத்து டேப்போட பிரவுசர்? செலரான்ல 4 ஜிபி ரேம்தான். (அத மாத்தவும் முடியாது, போர்டோட சேத்துப் பத்த வச்சிருக்காங்க.) அதனால 8 ஜிபி வச்சிருந்த ஏ4 முந்திடுச்சு.

கையால வேலை செய்யற மனுஷனுக்கு இந்த ரெண்டு சிப்புக்கும் நடுவுல வித்தியாசம் தெரியாது. இது என்னோட முடிவு. எண்ணுல இருக்கும், ஸ்டாப்வாட்ச்ல இருக்கும், விரல்ல இருக்காது.

சூடு? அது வேற கதை.

நம்ம ஊரப் பத்தித் தெரியும்ல. ஏப்ரல், மே வந்தா 40 டிகிரிய ஒட்டிக்கிட்டு நிக்கும். மலை பகலெல்லாம் காஞ்சு, ராத்திரி அந்தச் சூட்ட ஊருக்குள்ள விடும். மொட்டை மாடிக்குக் கீழ இருக்கற ரூம்னா கேக்கவே வேணாம். கம்பெனிக்காரங்க சோதனை பண்ற ஏசி ரூமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஏ4-க்குள்ள ஃபேன் உண்டு. ஓட்டிப் பாத்தப்ப வெப்பநிலை 80 டிகிரியத் தாண்டிப் போச்சு, ஃபேன் கத்துச்சு. கழட்டிப் பாத்தா, காத்து வெளிய போற சல்லடைல தூசி கம்பளி மாதிரி அடைச்சிருக்கு. ஆறேழு வருஷத் தூசி. பிரஷ்ஷால நீவி எடுத்தோம். சிப்பு மேல தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காஞ்சு பொடிப்பொடியா இருந்துது. அதையும் தொடச்சுட்டு புதுசா ஒரு பொட்டு வச்சோம். சத்தம் பாதியாக் கொறஞ்சுது, சூடும் நல்லாவே எறங்குச்சு. இதச் செய்யாம "ஏஎம்டின்னாலே சூடு"ன்னு சொல்றவங்கள என்ன சொல்ல!

செலரானுக்கு ஃபேனே கெடையாது. நிசப்தம். 6 வாட்டுங்கறதால அடியில ஒரு உலோகத் தகடே போதும். எனக்கு இது ரொம்பப் புடிச்சிருந்துது. ஆனா மத்தியானம் ரெண்டு மணிக்கு, ஒரு வீடியோவ வேற ஃபார்மட்டுக்கு மாத்தற மாதிரி நீளமான வேலைய குடுத்தா, மொதல்ல வேகமா கெளம்பும், கொஞ்ச நேரத்துல தகடு சூடேறும், அப்புறம் தானே வேகத்தக் கொறச்சுக்கும். அந்த மாதிரி வேலைகள்ல ஏ4 பின்னாலேர்ந்து வந்து புடிச்சுடுச்சு. ராத்திரி கொஞ்சம் சூடு தணிஞ்சப்ப அதே வேலைல செலரான் ஜெயிச்சுது. ஒரே சிப்பு, ஒரே வேலை, நேரம் மட்டும் வேற.

இந்த வாட்டு கணக்கையும் பேசிடணும். "15 வாட்டு, 6 வாட்டு, ரெண்டர மடங்கு கரண்ட்டு தின்னும்"னு அந்தக் கடைக்காரர் சொன்னாராம். சிப்புக்குப் போட்டிருக்கற வாட்டு, எவ்ளோ சூட்டத் தாங்கற மாதிரி கூலிங் வைக்கணும்ங்கறதுக்கான அளவு. எந்நேரமும் அவ்ளோ குடிக்கும்னு அர்த்தம் இல்ல. சும்மா டைப் அடிக்கறப்ப ரெண்டுமே அதுக்கு ரொம்பக் கீழதான் ஓடும்.

சரி, முழு மூச்சா ஓடுதுன்னே வச்சுக்குவோம். வித்தியாசம் 9 வாட். ரெண்டு மணி நேரம் கரண்ட் கட், இன்வெர்ட்டர்ல ஓடுது. 18 வாட்-அவர் கூட ஆகும். நம்ம வீட்டு சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். அப்ப அந்த 18-ங்கறது ஃபேன் கால் மணி நேரம் சுத்தற செலவுகூட இல்ல. இதுக்குப் பயந்தா புது லேப்டாப் வாங்கறது?

லேப்டாப்போட சொந்த பேட்டரில ஓடறப்ப மட்டும் இந்த 9 வாட் பெரிய விஷயம். அங்க செலரான்தான் ராஜா. இன்வெர்ட்டர் இல்லாத வீடா இருந்தா நானே செலரானத்தான் கை காட்டுவேன்.

யூடியூப் பத்திக் கேப்பீங்க. பாடம் எல்லாம் அதுலதானே ஓடுது. வீடியோவ பிரிச்சுக் காட்டற வேலைய சிப்புக்குள்ள ஒரு தனிப் பகுதி செய்யணும். அது செய்யலைன்னா கோர் ரெண்டும் அந்த வேலைலயே மூச்சு முட்டிப் போகும். யூடியூப் இப்ப விபி9, ஏவி1-னு ரெண்டு புது ரகத்துல அனுப்புது. விபி9-ஐ என்4000 அலட்டிக்காம காட்டுது. ஏவி1-ஐப் பிரிக்கற பகுதி ரெண்டு சிப்புலயும் கெடையாது. ஆனா பழைய எச்.264 ரகம் ரெண்டுக்கும் அல்வா. பிரவுசர்ல எச்264இஃபைன்னு ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் இருக்கு. அதப் போட்டா யூடியூப் எச்.264-லயே அனுப்பும். ஏ4-ல அதப் போட்டதும் ஃபேன் அடங்கிப் போச்சு. பழைய லேப்டாப் வச்சிருக்கற ஒவ்வொருத்தர் காதுலயும் இதச் சொல்லணும்போல இருக்கு.

இப்ப வர்றேன், நான் சந்தோஷத்துல குதிச்ச எடத்துக்கு.

பையனோட பிராஜெக்ட்டுக்கு மோங்கோடிபி டேட்டாபேஸ் வேணும். வசதிக்காக மொதல்ல செலரான்ல போட்டான். இன்ஸ்டால் ஆச்சு. ஸ்டார்ட் பண்ணா செத்துப் போவுது. திரும்பப் போட்டான், செத்துப் போவுது. "அண்ணா, நான் ஏதோ தப்பாப் பண்றேன் போல"ன்னு வந்து நிக்கறான். பாத்தா "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்"னு ஒரு வரி.

அவன் ஒரு தப்பும் பண்ணல. அந்த சிப்புக்கு ஏவிஎக்ஸ் கெடையாது!

ஏவிஎக்ஸ்னா என்னன்னு கேட்டா, நெறைய எண்ண ஒரே கட்டளைல மொத்தமாக் கூட்டிப் பெருக்கற வித்தை. இன்டெல்லும் ஏஎம்டியும் 2011-லயே கொண்டுவந்துட்டாங்க. ஆனா இன்டெல் அத உசத்தி சிப்புலதான் வச்சுது. ஆட்டம் வம்சத்துல வந்த இந்தக் குட்டிச் செலரான்கள்ல வைக்கல. 2023-ல என்100 வந்தப்பதான் அந்தச் சின்ன ரகத்துக்கு ஏவிஎக்ஸ் கெடச்சுது. மோங்கோடிபியோ 2021-ல வந்த 5.0-லேர்ந்து ஏவிஎக்ஸ் இல்லாம ஓடவே மாட்டேங்குது. டென்சர்ஃப்ளோவும் அப்படித்தான். ரெடிமேடா இறக்கிக்கற பேக்கேஜு 2018-ல வந்த 1.6-லேர்ந்து ஏவிஎக்ஸ் கேக்குது. ஏஐ படிக்கணும்னு ஆசைப்பட்டு, புது லேப்டாப் வாங்கி, மொத பாடத்துலயே இந்த வரியப் பாத்து, "நமக்கு இது வராது போல"ன்னு எத்தன புள்ளைங்க மூடி வச்சிருக்கும்!

ஏ4-ல?

அந்தக் "குப்பை"ல ஏவிஎக்ஸ் இருக்கு. ஏவிஎக்ஸ்2-வும் இருக்கு. ஏஎம்டி 2011-லேர்ந்தே புல்டோசர் வம்சத்துக்கு ஏவிஎக்ஸ் குடுத்துடுச்சு. எக்ஸ்கவேட்டர்னு சொல்ற கடைசித் தலைமுறைல, அதான் ஸ்டோனி ரிட்ஜ்ல இருக்கற கோர், ஏவிஎக்ஸ்2-வும் சேந்துடுச்சு. பொதுக் கடாயோ தனிக் கடாயோ, பலகாரம் வருதுல்ல?

மோங்கோடிபி ஏ4-ல மொத தடவையே ஓடிடுச்சு. டென்சர்ஃப்ளோவும் போட்டுப் பாத்தோம். கையெழுத்து எண்ணக் கண்டுபுடிக்கற அந்த ஆரம்பப் பயிற்சி இருக்குல்ல, அது மெதுவா, ஆனா பொறுப்பா ஓடி முடிச்சுது. பையன் ஸ்க்ரீன ஃபோட்டோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸாப்ல அனுப்புனான். அக்காவுக்கு நம்பவே முடியல. "என்னோட லேப்டாப்பாடா?"

அரசாங்கம் குடுத்ததுன்னாலே மட்டம், கடைல காசு குடுத்து வாங்குனதுன்னாலே ஒசத்திங்கற நெனப்பு நம்ம ஊர்ல ரொம்ப ஆழமா ஊறிப் போச்சு. இந்த எடத்துல அது தலைகீழா நிக்குது. பிளஸ் டூ புள்ளைக்கு இலவசமாக் குடுத்த லேப்டாப் இன்னைக்கி மெஷின் லேர்னிங் பாடத்துக்குக் கதவத் தெறக்குது. காசு குடுத்து வாங்குனது அந்த வாசல்ல நின்னுடுது. இதுக்காக நான் சத்தமாவே பேசுவேன்.

விண்டோஸ் விஷயத்துல மட்டும் செலரானுக்கு ஒரு புள்ளி குடுத்தாகணும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 பட்டியல்ல என்4000 இருக்கு, ஸ்டோனி ரிட்ஜ் இல்ல. சுத்தி வளைச்சு 11 போடற வழியெல்லாம் இருக்கு. ஆனா ஒரு காலேஜ் பையனோட பிராஜெக்ட் மிஷின்ல அந்த விளையாட்டு வேணாம்னு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டேன். ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கு லினக்ஸ் கெர்னல்லயே டிரைவர் இருக்கு, தனியாத் தேடி அலைய வேண்டியதில்ல. தமிழ்99 கீபோர்டும் உடனே வேலை செஞ்சுது. சொல்லப் போனா இந்தத் திட்டத்துல ஆரம்ப வருஷங்கள்ல குடுத்த லேப்டாப்புல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் சேத்தே குடுத்தாங்க. சி-டாக் உருவாக்குன லினக்ஸ் அது. அப்ப யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. இப்ப பாக்க வேண்டிய நேரம்.

(பௌர்ணமி அன்னிக்கு லினக்ஸ் டவுன்லோட் பண்ணலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், அத்தன பேர் கைலயும் ஃபோன். எங்க தெருவுல டேட்டா நகரவே நகராது. பையன் அன்னிக்கு ராத்திரி அப்டேட் ஓட்டிட்டு "லேப்டாப் திரும்ப ஸ்லோ ஆயிடுச்சுண்ணா"ன்னு பதறிட்டான். லேப்டாப் நல்லாத்தான் இருந்துது. மறுநாள் பக்தருங்க ஊருக்குக் கெளம்புனதும் தானா சரியாயிடுச்சு.)

அப்ப செலரான் வேஸ்ட்டா? இல்லவே இல்ல. பெரியப்பா கோயில் பக்கம் பூஜை சாமான் கடை வச்சிருக்காரு. கற்பூரம், ஊதுபத்தி, விபூதி. அந்தப் புகையும் தூசியும் ஃபேன் இருக்கற எந்த லேப்டாப்பையும் அடைச்சுடும். ஃபேனே இல்லாத மிஷினுக்கு அத விடப் பொருத்தமான எடம் கெடைக்காது. ஏவிஎக்ஸ் இல்லைன்னு பில் போடறதுக்கு என்ன குறைஞ்சிடப் போவுது? "பெரியப்பா கடைக்கே வச்சுக்கட்டும், கணக்கு எழுதட்டும்"னு பையன்தான் யோசன சொன்னான். அவரும் தலையாட்டிட்டாரு. இப்ப அங்கதான் ஓடுது, பேட்டரிலயே பாதி நாள்.

ஏ4 பையன் மேஜைல இருக்கு. அதோட ஒரிஜினல் பேட்டரி செத்துப் போச்சு, சார்ஜர் சொருகியேதான் ஓடுது. நல்ல பேட்டரி ஒண்ணு தேடிக்கிட்டிருக்கேன். மலிவா கெடைக்கற டூப்ளிகேட்ட நம்பி வீட்டுக்குள்ள வைக்க எனக்கு மனசு வரல. அடுத்த மாசம் சென்னை போறப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல பாக்கணும்.

நீங்களும் இந்தச் சின்ன சிப்பு லேப்டாப் பழசு ஏதாச்சும் வாங்கப் போறீங்கன்னா, இல்ல பரண்லேர்ந்து எறக்கப் போறீங்கன்னா, மொத வேலையா லினக்ஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணி, டெர்மினல்ல எல்எஸ்சிபியு-ன்னு சின்ன எழுத்துல அடிங்க. ஃபிளாக்ஸ்னு ஒரு நீள வரிசை வரும். அதுல ஏவிஎக்ஸ் இருக்கான்னு தேடுங்க. அடிமூடியக் கழட்டி, ரேம் தனியா வருதா, டிஸ்க் தனியா வருதான்னும் பாத்துடுங்க. கடைக்காரர் கழட்ட விட மாட்டேன்னாருன்னா, அடுத்த கடைக்குப் போங்க.

இ41-25-க்கு நம்பகமான பேட்டரி எங்க கெடைக்கும்னு தெரிஞ்சவங்க கீழ சொல்லுங்க. பையனோட பிராஜெக்ட் ரிவ்யூ வருது. காலேஜ்ல அவனோட பெஞ்சுக்குப் பக்கத்துல பிளக் பாயின்ட் இல்லையாம்.